பன்னிரண்டாவது கீல்

ஏப்ரல் 6, சனி

லேபில் இன்று அரை நாள்தான். மூன்று பல் செட்டுகளை மெருகேற்றி டாக்டரிடம் கொடுத்துவிட்டு இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். வந்ததும் கரிச்சானை மேசைமேல் ஏற்றினேன். ஆறு மாதமாக நான் கட்டும் ரிமோட் விமானம். பஞ்சு மாதிரி லேசான பால்சா மரம், ஐந்தடி இறக்கை, பேட்டரி மோட்டார். கருப்பு உறை ஒட்டியதைப் பார்த்து என் வீட்டுக்காரர் வைத்த குருவிப் பெயர் கரிச்சான். எங்கள் வீட்டில் கட்டுவது நான், பறக்க விடுவது அவர். பதினோரு வருடமாக இப்படித்தான்.

மீதி இருந்தது கீல் வேலை மட்டும். இறக்கையின் அசையும் பலகைகளுக்குப் பக்கத்துக்கு மூன்று, சுக்கானுக்கு இரண்டு. விமானத்தை ஏறவும் இறங்கவும் வைக்கும் வால் பலகைக்கு இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. மொத்தம் பன்னிரண்டு. கதவுக் கீல் மாதிரி இரும்பு இல்லை, தபால்தலை அளவில் ஒரு பட்டை. மரத்தில் மெல்லிய பிளவு கீறிப் பாதியை இங்கும் பாதியை அங்குமாகச் செருக வேண்டும். நடுவில் குண்டூசி குத்திக்கொண்டால் ஒரே பக்கமாக உள்ளே ஓடிவிடாது. பிறகு ஊசியை உருவிவிட்டு, தண்ணீர் மாதிரி ஓடும் பசையை மேலே மூன்று சொட்டு, திருப்பிப் போட்டுக் கீழே மூன்று சொட்டு. பட்டை குடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் கழித்து ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். வராது என்று கைக்கே தெரியும்.

பதினொன்று முடிந்தது. வால் பலகையின் இடப்பக்கம் கடைசி ஒன்றுக்கு வரும்போது பசை தீர்ந்துவிட்டது. பட்டையைச் செருகி மட்டும் வைத்திருக்கிறேன். காலையில் ரிமோட் சாமான் கடை வைத்திருக்கும் பிரிட்டோவிடம் பசை வாங்கி விட்டுக்கொள்ளலாம்.

"ஏன் புள்ள, முடிஞ்சுதா?" என்று அவர் மூன்று தடவை வந்து கேட்டுவிட்டார். பஸ் டூட்டி இல்லாத ஞாயிறு அவருக்கு மாதத்தில் ஒன்றோ இரண்டோ. முடிந்த மாதிரிதான் என்றேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் குறித்து வைக்கிறேன்.

பிரிட்டோ ஐந்தரைக்கே வேனோடு வந்து ஹாரன் அடித்தான். காற்று எழும்புவதற்குள் போக வேண்டும் என்று ஒரே அவசரம். தண்ணீர் வற்றிய குளத்துக்குள்தான் பறக்க விடுவோம். எங்களைப் போலவே விமானம் விடும் தாமோதரன் சார் உட்பட ஐந்தாறு பேர் முன்பே வந்திருந்தார்கள். வழக்கம்போல சார், "பல்லு கட்றவங்க கட்டுன பிளேனு, பறக்குமா இல்ல பல்லக் காட்டுமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்று நிமிடம் அழகாகப் பறந்தது. அவர் இரண்டு வட்டம் அடித்துவிட்டு, வேகமாகத் தாழ்வாக ஒரு முறை எங்கள் முன்னால் கொண்டுவந்தார். அப்போது வாலில் வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம். அடுத்த நொடி மூக்கு கீழே திரும்பிவிட்டது. கரை மேல் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்ணுக்கு எதிரே, பத்தடி கூட இருக்காது, மண்ணில் குத்தி நின்றது. அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

"சிக்னல் கட் ஆகிருக்குமுங்ணா" என்றான் பிரிட்டோ.

நானும் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

அவர் மூக்கைத் தூக்கும் ரிமோட் குச்சியைப் பார்த்துக்கொண்டே, "இழுத்தேனே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இழுத்தேனா?" என்றார்.

ஏப்ரல் 8

உடைந்ததையெல்லாம் அவர் குப்பை வண்டியில் போட்டுவிட்டார். வால் பகுதியை மட்டும் நான் ஒரு துணிப்பையில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சும்மாதான்.

ஏப்ரல் 11

மாவு அரைத்தேன். சிலிண்டர் வந்தது.

பழனி டிரிப் முடித்து மத்தியானம் வந்தவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வலது கையை நீட்டி வைத்துக்கொண்டு பார்த்தார். என்னங்க என்றேன். "ஒண்ணுமில்ல. இன்னிக்கு ஒண்ணுமே குறுக்க வருல, பிரேக் அடிச்சுப்போட்டேன். நின்னுட்டு வந்த ஒருத்தரு கண்டக்டர் மேல போயி உளுந்தாரு" என்றார். இருபத்துமூன்று வருடம் பஸ் ஓட்டுகிறார். ஒரு கீறல் கிடையாது.

வெயில்தான் காரணம் என்று சொன்னேன். மோர் கொடுத்தேன்.

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள்

அந்த ஆட்டுக்காரப் பெண்ணைப் பார்க்கப் போனோம். பெயர் பாப்பாத்தி. குளத்துக்குக் கிழக்கே வீடு. பழமும் ஒரு சேலையும் கொண்டுபோனோம்.

"எனக்கு ஒண்ணுமில்ல சாமி. ஆடுதான் ரெண்டு நாளு அந்தப் பக்கம் வரமாட்டேன்னுச்சு" என்று பாப்பாத்தி சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. "என் கை தப்பிருச்சுங்க. பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கோங்க" என்று கும்பிட்டார்.

நான் பக்கத்தில் நின்று பழப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 20

மாலை பிரிட்டோ கடைக்குப் போனோம். விமானத்துக்குள்ளிருந்து அன்றே கழற்றி எடுத்துப்போன ரிசீவரை அவன் ஒரு வாரமாகச் சோதித்திருக்கிறான். தெரு முனை வரை நடந்துபோய்க் கூடப் பார்த்தானாம்.

"சிக்னல் நல்லாத்தானுங்ணா இருக்குது. எங்கயும் கட் ஆகுல."

"அப்பறம்?" என்றார் அவர்.

பிரிட்டோ ரிசீவரை மேசையில் வைத்தான். என்னைப் பார்த்தான். "கீலெல்லாம் இழுத்துப் பாத்தீங்கல்லக்கா?" என்று கேட்டான்.

"பாத்தேன்" என்றேன்.

பதினொன்றைப் பார்த்தேன்தானே.

திரும்பி வரும்போது வண்டியை அவர் மிக மெதுவாக ஓட்டினார். நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

ஏப்ரல் 24

கண் டாக்டர். நரம்பு டாக்டர். விரலை மூக்கில் தொடச் சொன்னார்கள், கோடு மேல் நடக்கச் சொன்னார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டார்கள். எனக்கு உயிர் வந்தது. அவர் வெளியே வந்து, "இங்க உக்காந்துட்டிருக்கறப்ப சரியாத்தான் இருக்கும். ஒரு செகண்டு உட்டுப்போறது இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

ஏப்ரல் 29

இன்று அவர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். டிப்போ மேலாளருக்கு விண்ணப்பம். ஓட்டுநர் பணியிலிருந்து விடுவித்து லைட் டூட்டி தரும்படி. "எங்கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்குது. நீ அழகா எழுதிக் குடு வாணி."

நான், "அவசரப்படாதீங்க, இன்னொரு மாசம் பாக்கலாம்" என்றேன்.

"அன்னைக்கு அந்தக்கா பத்தடி தள்ளி இருந்துச்சு. பஸ்சுல அறுபது பேரு இருக்கறாங்க. இன்னொரு மாசம் என்னத்தப் பாக்கறது?"

எழுதிக் கொடுத்தேன். 'கைகளின் செயல்பாட்டில் எனக்கே நம்பிக்கை இல்லாத காரணத்தால்' என்ற வரியை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

மே 2

யாரும் படிக்காத நோட்டில் கூட நான் சுற்றி வளைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று நேராக எழுதிவிடுகிறேன்.

கையும் காரணமில்லை, சிக்னலும் காரணமில்லை. வால் பலகையில், அதை அசைக்கும் கம்பி மாட்டிய இடப்பக்கப் பாதி கழன்றுதான் விமானம் விழுந்தது. பசை போட்ட கீல் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. பசை போடாத கீல் உறையிலிருந்து கத்தி வருவது போலச் சுத்தமாக வந்திருக்கிறது. விழுந்த இடத்தில் எல்லோரும் பாப்பாத்தியிடம் ஓடியபோது, நான் விமானத்திடம் ஓடி அதைத்தான் முதலில் பார்த்தேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய். மறக்கவில்லை. வேனில் போகும்போது, ரயில்வே கேட் தாண்டியதும் ஞாபகம் வந்தது. பிரிட்டோவின் பெட்டியில் பசை இருந்தது. குளத்தில் இறங்கியதும் 'ஒரு நிமிஷம் இருங்க, ஒரு கீல் பாக்கி இருக்குது' என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அப்போதுதான் தாமோதரன் சார் பல்லைக் காட்டுமா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இவர்களுக்கு முன்னால் பாதி வேலையோடு வந்தேன் என்று சொல்ல வேண்டுமா என்று தோன்றியது. பக்கத்தில் இருக்கிற இன்னொரு கீல் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லேபில் ஒரு பல் சற்று ஆடினால் மொத்த செட்டையும் திருப்பி எடுத்துச் செய்கிறவள் நான். அன்று அந்தக் கூட்டத்தில் கெட்டிக்காரியாக நிற்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

விண்ணப்பத்தை அவர் நேற்று கொடுத்துவிட்டார்.

மே 3

சொல்ல நினைத்தேன். அவர் தலைவலி என்று படுத்துவிட்டார். பாத்திரமெல்லாம் துலக்கினேன், துலக்கியதையே இன்னொரு தடவையும்.

மே 5, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலை எட்டு மணி இருக்கும். அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காக்கிச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூலை ஒரே தடவையில் கோத்தார். அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. துணிப்பையை எடுத்துவந்து பிரித்தேன்.

"ஏனுங்க, இதப் பாருங்க. இந்தப் பொளவுல பசையே இல்லீங்க."

வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். நகத்தைப் பிளவுக்குள் விட்டுப் பார்த்தார். அவருக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அப்ப நான் இழுத்திருக்கறேன்" என்றார்.

"இழுத்தீங்க. நீங்க இழுத்ததுக்குத் திரும்பறதுக்கு வால்ல பலகை இல்ல."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

அப்புறம்தான் கவனித்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். "பறக்க உடறதுக்கு முன்னாடியே" என்றேன். தாமோதரன் சார் சிரித்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். குரல் எழும்பவே இல்லை.

"இருபத்தெட்டு நாளு வாணி. ஸ்டியரிங்கப் புடிச்சிருக்கறனா இல்லியான்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்து ஓட்டிருக்கறேன். அந்த லெட்டரையும் நீதான எழுதுன?"

"ஆமாங்க."

"உனக்குக் கை நடுங்குலியா?"

நான் வாலைத் திரும்பப் பைக்குள் சுற்றினேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மத்தியானம் மூன்று மணிக்கு வந்து, தானே போட்டுச் சாப்பிட்டார்.

மே 6

பேசவில்லை.

மே 7

பேசவில்லை. டிப்போவில் அவரை டைம் கீப்பர் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கண்டக்டர் மனைவி போனில் சொன்னாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

மே 9

பிரிட்டோ கடைக்குப் போனேன். தாமோதரன் சாரும் இருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றேன். பிறகு உள்ளே போய், இரண்டு பேரையும் பார்த்து, "அன்னைக்கு அவர் கை தப்புல. நான் ஒரு கீலுக்குப் பசை போடுல. தெரிஞ்சேதான் பறக்க உட்டேன்" என்றேன்.

பிரிட்டோ கையில் இருந்த சால்டரிங் இரும்பைக் கீழே வைத்தான். "அண்ணங்கிட்ட சொல்லிட்டீங்களாக்கா?"

"சொல்லிட்டேன். பேசமாட்டேங்கறாரு."

"பேசமாட்டாருதான்" என்றான். அவன் குரலிலும் கோபம் இருந்தது. இருக்கட்டும்.

தாமோதரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "நான் ஒருக்கா இறக்கை போல்ட்டு ஒண்ணு மாட்டாமயே மேல ஏத்திட்டேன். மூணு வருசம் ஆச்சு. நல்ல நேரம், எறங்கிருச்சு. இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றார். பிறகு, "இனிமே நான் அப்படிக் கேலி பேசமாட்டேனுங்க அம்மிணி" என்றார். கேலி பேசினால் என்ன, நான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

மே 12

"கொழம்புல உப்பில்ல."

ஏழு நாளில் முதல் வார்த்தை. உப்பு டப்பாவை ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கு லீவு போடு. டிப்போவுக்குப் போகணும். நீயும் வா. அந்த வாலையும் எடுத்துக்கோ" என்றார்.

மே 13

மேலாளர் சின்ன வயதுக்காரர். மேசைமேல் வாலை வைத்ததும் திகைத்துவிட்டார். "என்னங்க நாச்சிமுத்து, பொம்மை பிளேன் வாலக் கொண்டாந்து காட்டறீங்க?"

அவர் என் பக்கம் கை காட்டினார். நான்தான் சொல்ல வேண்டும் என்று புரிந்தது. சொன்னேன். விண்ணப்பத்தில் இருப்பது என் கையெழுத்து என்பதையும், நம்பிக்கை இல்லை என்று அதில் சொல்லியிருக்கும் கைதான் எங்கள் வீட்டில் தப்பே செய்யாத கை என்பதையும் சொன்னேன்.

மேலாளர் கேட்டுவிட்டு, "விண்ணப்பம் மேல போயிருச்சே. இனி வாய் வார்த்தைக்கு வண்டி தர முடியாது. ஓட்டிக் காட்டணும். பயிற்சியாளர் பக்கத்துல உக்காருவாரு. வெள்ளிக்கிழமை" என்றார்.

வெளியே வந்ததும் அவர் வாலை டிப்போ குப்பைத் தொட்டியில் போட்டார். "இது இனி எதுக்கு" என்றார்.

மே 17, வெள்ளி

லேபில் ஒரு வேலையும் ஓடவில்லை. பன்னிரண்டே காலுக்குப் போன் வந்தது.

"மிதிச்சேன். நின்னுச்சு" என்றார்.

பிறகுதான் முழுதாகச் சொன்னார். காலி பஸ். டிப்போவிலிருந்து எட்டு கிலோமீட்டர் வரை பயிற்சியாளர் வாயே திறக்கவில்லையாம். ஒரு சந்துக்குள்ளிருந்து பால்கேன் கட்டிய வண்டி ஒன்று திடீரென்று குறுக்கே வந்திருக்கிறது. யோசிக்கவே நேரமில்லை. கால் மிதித்துவிட்டது, கை ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டது. பால்கேன்காரர் திட்டிவிட்டுப் போயிருக்கிறார். பயிற்சியாளர், "போதும், திருப்புங்க" என்றாராம்.

"எல்லாம் எங்கிட்டயேதான் இருந்திருக்குது வாணி."

போனை வைக்கும் முன், "ஆனா எனக்கு இன்னும் கோவம் போகுல" என்றார். சரிங்க என்றேன்.

மே 20

காலை நாலே முக்காலுக்கு டூட்டி. பழனி லைன். அவர் போன பிறகு வாசலில் நின்று, பஸ் பெரிய தெருவில் திரும்பும் சத்தத்தைக் கேட்டேன்.

மே 26, ஞாயிறு

பிரிட்டோ தன் பழைய பயிற்சி விமானத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். மஞ்சள் இறக்கை, வெயிலில் வெளுத்தது. "கீலெல்லாம் இத்துப்போச்சுக்கா. மாத்திக் குடுத்தீங்கன்னா நீங்களே வெச்சுக்கலாம்" என்றான். அவனுடைய கோபமும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மே 30

பழைய கீல்களை எல்லாம் வெட்டி எடுத்தேன். இந்த முறை ஊசிக் கீல்: நடுவில் கம்பி கோத்து மடங்குகிற பிளாஸ்டிக் துண்டு. மடங்கும் இடத்தில் பசை போய்விட்டால் அசையாது, அதனால் முதலில் அங்கே துளி வாஸ்லின். அந்த வாஸ்லின் மற்ற இடத்தில் பட்டால் பசை ஒட்டாது. தீக்குச்சி முனையால் தொட்டு வைத்தேன். ஒரு கீலுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. அவசரம் ஒன்றும் இல்லை.

ஜூன் 1

இன்று அவரும் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். கேட்காமலே. பசை இறுகியதும் ஒவ்வொரு கீலுக்கும் குறுக்கே ஊசித் துளை போட்டு, மூங்கில் பல்குச்சியை நறுக்கி ஆணி மாதிரி இறக்கினேன். பசை விட்டாலும் குச்சி விடாது. ஒவ்வொன்றையும் நான் இழுத்துப் பார்த்துவிட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் இழுத்தார்.

ஆறாவதை இழுத்த இழுப்பில் பலகையின் விளிம்பே பிய்ந்து கையோடு வந்துவிட்டது.

"இப்பிடியா இழுப்பாங்க? பஸ்சு ஹேண்ட் பிரேக்குன்னு நெனச்சீங்களா?" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

பிய்ந்த துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. எனக்கும். ஐம்பத்தைந்து நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். பிய்ந்ததை ஒட்டுவதற்கு இன்னும் இரண்டு நாள் ஆகும்.

ஜூன் 9, ஞாயிறு

குளத்துக்குப் போனோம். எல்லாரும் வந்திருந்தார்கள். இன்று பறக்க விடுகிறோம் என்று பாப்பாத்தியக்காவிடம் அவர் முன்பே போய்ச் சொல்லியிருந்தார். அக்கா ஆடுகளைக் கட்டிப்போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கவே வந்திருந்தார்.

பேட்டரி மாட்டினோம். ரிமோட்டை அசைத்து ஒவ்வொரு பலகையாகச் சரிபார்த்தேன். வலது இறக்கைப் பலகையின் நடுக் கீலைத் தொட்டபோது விரலுக்கு ஏதோ பட்டது. ஆடவில்லை. ஆனால் மற்றவை மாதிரி இல்லை. மண்டியிட்டு இன்னொரு தடவை அசைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

எல்லாரும் காத்திருந்தார்கள். தாமோதரன் சார் போனில் படம் எடுக்கத் தயாராக நின்றார். காற்றும் நல்ல காற்று.

எழுந்து நின்றேன். "இன்னிக்கு வேணாங்க. ஒரு கீல் எனக்குச் சரியாப் படுல" என்றேன். குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

"பாத்தா நல்லாத்தானுங்க்கா இருக்குது" என்று பிரிட்டோ குனிந்தான்.

அவர் அதற்குள் பேட்டரியைக் கழற்றிவிட்டார். ஏன், எது, எவ்வளவு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "அவ வேணாங்கறா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

"அட, இன்னிக்கு இல்லியா அம்மிணி? நான் வெரசா வந்தேனே" என்றார் பாப்பாத்தியக்கா. கொண்டுபோன எலுமிச்சம் சோற்றைக் கரையில் உட்கார்ந்து எல்லாரும் பிரித்துச் சாப்பிட்டோம். அக்காவுக்கு ஊறுகாய் ரொம்பப் பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அந்தக் கீலை வெட்டிப் பார்த்தேன். உள்ளே வாஸ்லின். பசை பாதிதான் பிடித்திருந்தது, குச்சிதான் தாங்கிக்கொண்டிருந்தது. பறந்திருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. அவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு என் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார்.

ஜூன் 16, ஞாயிறு

ஒன்பது நிமிடம் பறந்தது. தாழ்வாக, வேகமாக, உயரமாக, எல்லா விதத்திலும். வாலில் சத்தம் இல்லை.

பேட்டரி பாதி இருக்கும்போது அவர் ரிமோட்டை என் பக்கம் நீட்டினார். "இந்தா, புடி."

"எனக்குத் தெரியாதுங்க."

"பதினோரு வருசமாக் கட்டற. ஒரு தடவை கூடப் பறக்க உட்டதில்ல. புடி புள்ள."

வாங்கினேன். அவர் எனக்குப் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரிமோட் குச்சியை இடது பக்கம் மெதுவாக ஒரு விரலால் தள்ளினேன். அவ்வளவு தூரத்தில், அவ்வளவு உயரத்தில், மஞ்சள் இறக்கை நான் சொன்ன பக்கம் சாய்ந்தது.